பழைய ஜீப்பில் டீசல் இன்ஜின் மாற்றினால் ஸ்டீயரிங் ஏன் ஆடுகிறது? மலையேறும் முன் என்ன பார்க்க வேண்டும்?

போடிமெட்டு ஏறி சூரியநெல்லி போனால், அங்கிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்தான். பாலக்காடு பக்கம் நெல்லியாம்பதியின் வியூ பாயிண்டுகளுக்கும் அதே கதை. இதைப் பார்த்துவிட்டு, பழைய ஜீப் ஒன்றை வாங்கி, பின்னால் படுக்கை போட்டு கேம்பராக மாற்றலாம் என்ற ஆசை பலருக்கும் வருகிறது.

ஆனால், விற்பனைக்கு வரும் பழைய ஜீப்புகள் பலவற்றில் இருப்பது கம்பெனி பொருத்திய இன்ஜின் அல்ல. 'வண்டி லேசா ஆடும், பழகிடும்' என்று விற்பவர் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம். சமவெளியில் 'லேசா' ஆடும் ஸ்டீயரிங், கொண்டை ஊசி வளைவில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்ஜினுக்கும் ஸ்டீயரிங்குக்கும் என்ன சம்பந்தம்?

வில்லிஸ் நிறுவனத்தின் சிஜே3பி மாடலை மஹிந்திரா இந்தியாவில் பல பத்தாண்டுகள் தயாரித்தது. அதில் முதலில் இருந்தது 2.2 லிட்டர் 'ஹரிக்கேன்' பெட்ரோல் இன்ஜின். பெட்ரோல் செலவு தாங்காமல் பலர் டீசலுக்கு மாறினார்கள். பெரும்பாலும் டீசல் இன்ஜின் எடை அதிகம். அந்தக் கூடுதல் எடை முன் அச்சின் மேல்தான் உட்காருகிறது.

விளைவு? முன்பக்க லீஃப் ஸ்பிரிங் தட்டையாகி, வண்டி மூக்கைக் கவிழ்க்கிறது. அப்போது 'கேஸ்டர்' கோணம் குறைகிறது. சைக்கிளில் கையை எடுத்தாலும் அது நேராகப் போவதற்கு, முன் ஃபோர்க் சற்றுச் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். ஜீப்பில் அந்தச் சாய்வின் பெயர்தான் கேஸ்டர். அது குறைந்தால் வண்டி ரோட்டில் அலையும். வளைவு முடிந்தாலும் ஸ்டீயரிங் தானாக நேராகாது.

புது இன்ஜினுக்கு இடம் விடுவதற்காக ஸ்டீயரிங் ராடையோ பிராக்கெட்டையோ வெட்டி நகர்த்தியிருந்தால் பிரச்னை இரட்டிப்பாகும். பள்ளத்தில் இறங்கும்போதும் பிரேக் அடிக்கும்போதும் வண்டி தானாகவே ஒரு பக்கம் திரும்பும்.

நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது?

வரிசை முக்கியம். செலவில்லாததில் இருந்து தொடங்குங்கள்.

1. டயர்: நான்கும் ஒரே அளவா, காற்று சரியா, ரிம் வளைந்திருக்கிறதா? ஒரு பக்கம் இழுக்கும் வண்டி சில நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

2. ஸ்டீயரிங் ஆட்டம்: இன்ஜினை அணைத்து, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சற்று அசைக்கட்டும். இன்னொருவர் கீழே பார்க்கட்டும். ஸ்டீயரிங் பாக்ஸில் இருந்து வரும் கை, டிராக் லிங்க், நடுவில் உள்ள பெல் கிராங்க், டை ராட் முனைகள் என்று வரிசையாகப் பாருங்கள். எந்த இடத்தில் ஒரு பாகம் அசைந்தும் அடுத்தது அசையாமல் நிற்கிறதோ, அங்கேதான் தேய்மானம்.

3. கிங்பின்: முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்த பிறகு, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீயரிங் வெறிபிடித்த மாதிரி உதறுவதற்கு கிங்பின் பேரிங் லூஸாக இருப்பது ஒரு முக்கியக் காரணம்.

4. ஸ்பிரிங்: பட்டைகளில் விரிசல், யு போல்ட், ஷேக்கிள் புஷ் ஆகியவற்றைப் பாருங்கள். முன்சக்கர நடுவுக்கும் பின்சக்கர நடுவுக்கும் இடையிலான தூரத்தை இரண்டு பக்கமும் டேப்பால் அளங்கள். வித்தியாசம் கணிசமாக இருந்தால், சென்டர் போல்ட் உடைந்து அச்சு நகர்ந்திருக்கலாம்.

5. சேஸிஸ்: ஸ்டீயரிங் பாக்ஸ் பொருத்திய இடத்தையும் புது இன்ஜின் மவுன்ட்டின் வெல்டிங்கையும் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அந்த வண்டியில் மலையேற வேண்டாம்.

'பாக்ஸை டைட் வெச்சா சரியாயிடும்' என்றால்?

பாக்ஸை கடைசியில்தான் தொட வேண்டும். நேராக ஓட்டும் நேரமே அதிகம் என்பதால், அது நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்கிறது. அந்த ஆட்டத்தைப் போக்க ஸ்க்ரூவை இறுக்கினால், தேயாத ஓரங்களில், அதாவது முழுத் திருப்பத்தில், பிடித்துக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் தேவைப்படுவது அந்த முழுத் திருப்பம்தான்.

எடையை எப்படிச் சரிசெய்வது?

முதலில் அளந்து பாருங்கள். எந்த வே பிரிட்ஜிலும் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, முழு வண்டிக்கு ஒரு எடை எடுக்கலாம். படுக்கை, தண்ணீர் டேங்க், பேட்டரி எல்லாம் ஏற்றிய நிலையில் எடுப்பது நல்லது. அந்த எடைக்கேற்ற ஸ்பிரிங் போட்டு, பிறகு கேஸ்டரைச் சரிபாருங்கள். சும்மா ஒரு பட்டையைச் சேர்த்தால் உயரம் வரும், ஆனால் வண்டி தூக்கிப் போடும். கூடிய எடையை நிறுத்த வேண்டியது அதே பழைய டிரம் பிரேக்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவின்படி, இன்ஜினை மாற்ற ஆர்டிஓ அனுமதி வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று, கேரளாவில் இருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. எனவே ஆர்சி-யில் உள்ள இன்ஜின் எண்ணும், இன்ஜினில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கோரிக்கையும் சிக்கலாகலாம். படுக்கை, டேங்க் என்று உள்ளே மாற்றும் முன்பும் ஆர்டிஓ-விடம் கேட்டுவிடுங்கள்.

'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாமா? 2021-இல் வந்த விதிப்படி, வண்டிக்கு 50 வயதுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இன்ஜின் மாற்றிய ஜீப்புக்கு அந்தக் கதவு மூடியதுதான். அந்தப் பதிவு கிடைத்தாலும் தினசரி ஓட்ட முடியாது.

ஆக, பட்ஜெட் போடும்போது ஸ்டீயரிங், ஸ்பிரிங், பிரேக் மூன்றுக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள். படுக்கையும் அடுப்பும் அதற்குப் பிறகு.