காசுப் பெட்டியும் கொழுந்துத் தராசும்

ஒருவர் துளையில் காசை இடுகிறார். பெட்டி அதனை விழுங்கிவிடுகிறது, பொருளோ வரவில்லை. கேட்பதற்குக் கடைக்காரர் இல்லை. காசு போனதைக் காட்டிலும், முறையிட ஆளில்லை என்பதே அவரை மிகுதியும் வருத்துகிறது. தாமே பொருள் வழங்கும் பொறிகளின் வரலாறு, ஒருவகையில், இந்த மனத்தாங்கலைத் தீர்க்க முயன்ற வரலாறேயாகும்.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஈரோன் என்னும் அறிஞர் இத்தகைய பொறியொன்றை விவரித்துள்ளார். காசு ஒரு தட்டில் விழும். அதன் பாரத்தால் நெம்புகோல் சாய்ந்து, கோயில் நீர் ஒழுகும். காசு சரிந்ததும் நீர் நின்றுவிடும். 1880-களில் லண்டனில் பெர்சிவல் எவரிட் என்பார் அஞ்சலட்டை விற்கும் பொறியை அமைத்தார். குறும்பர்கள் அதன் துளையில் காகிதத்தையும் தோடம்பழத் தோலையும் திணிக்கவே, அதற்கும் அவர் தடை தேட வேண்டியதாயிற்று.

அக்காலத்தில், வாங்குவோரின் ஐயம் தேயிலைக் கடையிலும் இருந்தது. பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்த தேயிலையின் எடையும் தூய்மையும் கடைக்காரரின் நாணயத்தையே பொறுத்திருந்தன. 1890-இல் இலங்கைக்கு வந்து, ஊவா மாகாணத்து அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், முன்கூட்டியே நிறுத்துக் கட்டிய பொட்டலங்களில் தேயிலையை விற்றார். வாங்குவோரின் ஐயம் பெரிதும் நீங்கிற்று.

ஆனால், தேயிலை பிறக்கும் மலைச்சரிவில் நிலை வேறாயிருந்தது. ஊவாத் தோட்டங்களில் கொழுந்து பறித்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துத் தராசின் முன் நின்றனர். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் எடை கழிக்கப்பட்டது. தராசின் எண்ணை வாசிக்க எழுத்தறிவு வாய்க்காதவர் பலர். ஏட்டில் எழுதுபவரோ கணக்கப்பிள்ளை. அன்றைக்கு முழுப்பேரா, அரைப்பேரா என்பது அந்த ஒரு வரியில் முடிவாயிற்று. 1924-இல் பதுளை வரை புகையிரதப் பாதை நீண்டது; தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு எளிதாய்ச் சென்றன. நிறுவை பற்றிய மனக்குறை மட்டும் மலையிலேயே தங்கிவிட்டது.

காசுப் பெட்டி இன்று எவ்வளவோ திருந்தியிருக்கிறது. கண்ணாடி முகப்பினூடே பொருள் தெரிகிறது. பொருள் விழுந்ததா என்பதைக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் கண்காணிக்கிறது. விழாவிடின் பொறி மீண்டும் முயல்கிறது, அல்லது காசைத் திருப்பித் தருகிறது. தான் தவறக்கூடும் என்பதைப் பொறி ஒப்புக்கொண்டதே இத்திருத்தத்தின் உயிர்நாடி எனலாம்.

தோட்டங்களிலும் மின்னணுத் தராசுகள் வந்துள்ளன. எனினும், கருவி புதிதாவதால் மட்டும் நீதி பிறப்பதில்லை. எண் பறித்தவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கழிவின் காரணம் அவருக்குச் சொல்லப்பட வேண்டும். தவறு நேர்ந்தால் அங்கேயே திருத்த வழியிருக்க வேண்டும். ஒரு காசை இட்டவருக்கு உலகம் வழங்கியிருக்கும் இந்த உறுதி, ஒரு நாள் உழைப்பை இறக்கி வைத்தவருக்கும் உரியதன்றோ?