பிரேக் மாறினால் சக்கரமும் மாறும்: சாலை மிதிவண்டி வரலாற்றில் ஒரு பகுதி

2016 ஏப்ரல் 10 அன்று வட பிரான்சில் நடைபெற்ற பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஸ்பெயின் நாட்டு வீரர் ஃபிரான்சிஸ்கோ வெந்தோசோவின் காலில் ஆழமான வெட்டுக்காயம் ஏற்பட்டது. இன்னொரு வண்டியின் டிஸ்க் பிரேக் தகடே தம் காலை அறுத்தது என்று அவர் பகிரங்கக் கடிதம் எழுதினார். சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கைச் சோதனை முறையில் அனுமதித்திருந்த பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் (யூசிஐ) சில நாட்களுக்குள் அச்சோதனையை நிறுத்திவைத்தது. காயத்துக்குத் தகடுதான் காரணமா என்பது பின்னர் கேள்விக்குள்ளாயிற்று. எனினும் அந்த ஆண்டின் விவாதம் பெரும்பாலும் தகட்டின் கூர்மையைச் சுற்றியே நடந்தது. அதே காலத்தில் சக்கரத்தில் நிகழ்ந்துகொண்டிருந்த பெரிய மாற்றம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

மிதிவண்டியின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை நோக்கினால் ஒன்று தெளிவாகிறது. பிரேக் மாறிய ஒவ்வொரு முறையும் சக்கரத்தின் வடிவம் மாறியிருக்கிறது. சக்கரம் மாறியபோது அதைத் தாங்கும் சட்டகமும் மாறியிருக்கிறது. அதனுடன் சேர்ந்து, ஒரு வண்டியின் சக்கரத்தை யார், எங்கே, எவ்வளவு செலவில் மாற்ற முடியும் என்பதும் மாறியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் உயர்சக்கர வண்டிகளில் பிரேக் என்பது கரண்டி போன்ற ஓர் இரும்புத் துண்டு. அது திண்ம ரப்பர் டயரின் மேற்பரப்பை நேராக அழுத்தியது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அந்த மென்மையான டயரை இரும்பு கொண்டு தேய்த்தால் டயர் விரைவில் அழிந்துபோகும். ஆகவே உராய்வு நிகழும் இடம் டயரிலிருந்து நகரவேண்டியதாயிற்று. ஒருபுறம் அது ஹப்புக்குள் சென்றது. 1898 வாக்கில் அமெரிக்காவில் பரவிய, மிதியைப் பின்னோக்கி அழுத்தி நிறுத்தும் கோஸ்டர் பிரேக் அவ்வகையானது. மறுபுறம் அது ரிம்முக்குச் சென்றது.

ரிம் வழியிலும் இரு கிளைகள் தோன்றின. பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் வண்டிகளில் கைப்பிடியிலிருந்து இரும்புக் கம்பிகள் வழியாக விசை இறங்கி, பிரேக் கட்டைகளை மேல்நோக்கி இழுக்கும். அக்கட்டைகள் ஆரக்கம்பிகளுக்கு இருபுறமும் ரிம்மின் உட்பரப்பில் சென்று பதியும். அதற்கேற்ப உட்பக்கம் வளைந்த வெஸ்ட்வுட் ரிம் உருவாயிற்று. இன்னொரு கிளைக்கு வித்திட்டது எர்னஸ்ட் பௌடன் 1896இல் காப்புரிமை பெற்ற உறைக்கம்பி. நெகிழ்ந்து வளையும் உறைக்குள் கம்பி ஓடியதால், இடுக்கி போல் ரிம்மை இருபுறமும் பற்றும் கேலிப்பர் பிரேக் எளிதாயிற்று. பக்கங்களிலிருந்து பற்றும் கட்டைக்குத் தட்டையான பக்கச் சுவர் வேண்டும். எனவே எண்ட்ரிக் போன்ற தட்டைச் சுவர் ரிம்கள் வந்தன. வெஸ்ட்வுட் ரிம்மில் கேலிப்பர் சரியாகப் பற்றாது. எண்ட்ரிக் ரிம்மில் கம்பி பிரேக்குக்கு உரிய தளம் இல்லை.

இந்தியாவில் வேரூன்றியது முதற்கிளை. 1949இல் தொடங்கப்பெற்ற சென்னை டி.ஐ. சைக்கிள்ஸ், 1951இல் சோனிப்பட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ, அசன்சோலில் சென்–ராலே என விடுதலைக்குப் பிந்தைய தொழிற்சாலைகள் பெருமளவில் உற்பத்தி செய்தவை 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் கொண்ட கறுப்பு வண்டிகளே. முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 ஆரக்கம்பிகள் என்ற பழைய ஆங்கில வழக்கமும் அவற்றுடன் தொடர்ந்தது. மழையில் நனைந்த எஃகு ரிம்மில் அந்த பிரேக் பிடிப்பது அரிது. அது அதன் பெருங்குறை. ஆனால் ரிம் சற்றுக் கோணினாலும் அது வேலை செய்யும். ஒரு ஸ்பேனர் போதும், சரிசெய்துவிடலாம். ஒரு நிறுவனத்தின் ரிம் இன்னொரு நிறுவனத்தின் வண்டியில் பொருந்தும். மரத்தடிச் சைக்கிள் கடை அரை நூற்றாண்டு நிலைத்ததற்கு இப்பொருத்தம் முக்கியக் காரணங்களுள் ஒன்று.

ஐரோப்பியப் பந்தயச் சாலைகளில் வளர்ந்தது இரண்டாம் கிளை. அங்கே சக்கரத்தை விரைந்து கழற்றுவதே தலையாய தேவை. இத்தாலியரான தூலியோ கம்பஞோலோ 1930 அளவில் உருவாக்கிய, நெம்பை ஒருமுறை திருப்பினால் கழலும் குயிக் ரிலீஸ் அச்சு அத்தேவையை நிறைவுசெய்தது. அலுமினிய ரிம், கேலிப்பர் பிரேக், திறந்த பிளவில் அமரும் மெல்லிய அச்சு, முன்னே 100, பின்னே 130 மில்லிமீட்டர் ஹப் அகலம் என்ற தொகுதி இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைபெற்றது. பஞ்சரான வீரருக்கு நடுநிலை உதவி ஊர்தி எந்தச் சக்கரத்தைக் கொடுத்தாலும் அது பெரும்பாலும் பொருந்தியது.

இத்தொகுதியைக் குலைத்தது கார்பன் ரிம். வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 80 கிலோ எனக் கொள்வோம். 1000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது ஏறத்தாழ 785 கிலோஜூல் ஆற்றல் விடுபடுகிறது. அதில் ஒரு பகுதியைக் காற்றின் தடை ஏற்கும். எஞ்சியதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. அலுமினியம் அவ்வெப்பத்தை விரைவாகக் கடத்திவிடும். கார்பன் இழைகளைப் பிணைக்கும் பிசினோ மிகுந்த சூட்டில் இளகக்கூடியது. ஈரத்தில் கார்பன் ரிம்மின் பிடிப்பும் குறைவு. மேலும் ரிம் பிரேக்கில் தேய்வது சக்கரத்தின் உடலே. பக்கச் சுவர் மெலிந்தால் முழு ரிம்மையும் மாற்றவேண்டும்.

மலை மிதிவண்டிகள் 1990களிலேயே இதற்கு விடை கண்டிருந்தன. ஹப்பில் பிணைத்த எஃகுத் தகட்டை, ஃபோர்க்கில் பொருத்திய கேலிப்பர் பற்றிக்கொள்ளும். தேய்வது மாற்றத்தக்க தகடு மட்டுமே. ஆயினும் இவ்விடமாற்றத்துக்கு இயற்பியல் ஒரு விலை கேட்டது. 160 மில்லிமீட்டர் தகட்டின் ஆரம் 80 மில்லிமீட்டர். ரிம்மின் பிரேக் தளமோ அச்சிலிருந்து 310 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. எனவே அதே அளவு வேகத்தைக் குறைக்கத் தகட்டில் ஏறத்தாழ நான்கு மடங்கு உராய்வு விசை தேவை. ஹப்பில் எழும் முறுக்கத்தை ரிம்முக்குக் கொண்டுசெல்ல வேண்டிய பொறுப்பு ஆரக்கம்பிகளுக்கு வந்தது. ரிம் பிரேக் வண்டியின் முன் சக்கரத்தில் கம்பிகளை மையத்திலிருந்து நேராக விரித்துக் கட்டலாம். டிஸ்க் சக்கரத்தில் அது இயலாது. கம்பிகள் ஒன்றையொன்று கடந்து சாய்வாகச் செல்லவேண்டும். ஃபோர்க்கின் இடக்கால் தனியே பெரும் விசையைத் தாங்கவேண்டியிருந்ததால் அதுவும் தடித்தது.

2003இல் ஜேம்ஸ் அனன் என்னும் பிரிட்டிஷ் அறிவியலாளர் மற்றோர் ஆபத்தைச் சுட்டிக்காட்டினார். கேலிப்பர் ஃபோர்க் காலின் பின்புறம் இருப்பதால், பிரேக் பிடிக்கும்போது எழும் எதிர்விசை முன் அச்சைத் திறந்த பிளவிலிருந்து கீழ்நோக்கி வெளியே தள்ளுகிறது என்பது அவர் வாதம். கம்பஞோலோவின் எளிய நெம்புக்கு இவ்விசை புதிது. பிளவை மூடி, துளைக்குள் ஊடுருவித் திருகும் 12 மில்லிமீட்டர் அச்சு சாலை வண்டிகளில் பரவியபோது இச்சிக்கல் தீர்ந்தது. பின் ஹப்பின் அகலமும் 130இலிருந்து 142 மில்லிமீட்டர் ஆயிற்று. பழைய சக்கரம் புதிய சட்டகத்தில் பொருந்தாமல் போன கட்டம் இதுவே.

நிறுவன ஏற்பு மெதுவாக வந்தது. 2010இல் யூசிஐ சைக்ளோ–கிராஸ் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை அனுமதித்தது. 2013இல் சந்தைக்கு வந்த சாலை ஹைட்ராலிக் பிரேக்குகளில் ஒருவகை, கடுங்குளிரில் அழுத்தம் இழந்ததால் அவ்வாண்டு இறுதியிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2015இல் சோதனை தொடங்கி, 2016இல் நின்று, விளிம்பு மழுக்கிய தகடுகளுடன் 2017இல் மீண்டும் தொடர்ந்தது. அவ்வாண்டு தூர் த ஃபிரான்சின் இரண்டாம் கட்டத்தை மார்செல் கிட்டெல் வென்றார். அப்பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பெற்ற முதல் கட்ட வெற்றி அது. 2018 ஜூலையில் முறையான அனுமதி கிடைத்தது. ஆயினும் 2020இல் ததேய் பொகாச்சார் தூர் பட்டத்தை வென்றது ரிம் பிரேக் வண்டியில்தான். எடையும் சக்கரம் மாற்ற ஆகும் நேரமும் வீரர்களைத் தயங்கவைத்தன.

அத்தயக்கத்துக்கு நியாயம் இருந்தது. ஒரு டிஸ்க் சக்கரத்தை மாற்றும்போது அச்சின் வகை, தகட்டின் விட்டம் (140 அல்லது 160), தகடு அமரும் நுண்ணிடம் ஆகிய அனைத்தும் ஒத்துப்போக வேண்டும். பிரேக் பட்டைக்கும் தகட்டுக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டரைவிடக் குறைவு. சிறு வேறுபாடும் உரசலாகும். பழைய வண்டிக்கு டிஸ்க் பிரேக் பொருத்த விரும்புபவரின் நிலை இன்னும் கடினம். சட்டகத்திலும் ஃபோர்க்கிலும் கேலிப்பர் அமரும் தாங்கி இல்லையெனில் சக்கரத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஃபோர்க், சக்கரம், கைப்பிடி நெம்பு என ஒவ்வொன்றாக மாற்றிச் சென்றால் இறுதியில் எஞ்சுவது பழைய சட்டகமும் அதன் பின்புறத்து ரிம் பிரேக்கும்தான்.

இவ்வரலாற்றை இழப்பாக மட்டும் எழுதுவது முறையன்று. பிரேக்கிலிருந்து விடுபட்ட ரிம் அகலமாயிற்று. கேலிப்பர் இடுக்கில் நுழையாத தடித்த டயர் சாலை வண்டிக்கு வந்தது. தகட்டின் இடம் மாறாதவரை, 622 மில்லிமீட்டர் ரிம் உள்ள சட்டகத்தில் 584 மில்லிமீட்டர் ரிம்மையும் பூட்டலாம். கம்பி பிரேக் காலத்தில் 635க்குப் பதில் 622 ரிம் பூட்டினால், ஆரத்தில் ஏற்படும் ஆறரை மில்லிமீட்டர் வேறுபாட்டுக்கே கட்டைகளின் இடத்தை மாற்றவேண்டியிருந்தது. ரிம் பெற்ற விடுதலைக்கு ஈடாக ஹப் கட்டுண்டது எனலாம்.

தொழில்நுட்ப வரலாறு பயிலும் மாணவர் கவனிக்கவேண்டியது இந்தக் கைமாற்றமே. நனைந்த மலைச்சரிவில் இறங்கும் வீரரின் உயிருக்கு டிஸ்க் பிரேக் அளிக்கும் காப்பு மெய்யானது. எந்தச் சக்கரமும் எந்த வண்டியிலும் பொருந்திய காலத்தில், ஒரு ஸ்பேனரோடு பிழைத்த கைவினைஞர் இழக்கும் இடமும் மெய்யானது. பிரேக்கின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதவேண்டும்.