பூட்டுப் படமும் நாம் படிப்பித்த பிழையான பாடமும்



இணையத்தள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பயமில்லாமல் வாங்கலாம், பதியலாம் என்று பல வருடங்களாக வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தான். அண்மையில் நம் ஊரில் ஒருவர் போலித் தளமொன்றில் சல்லியைப் பறிகொடுத்தார். அந்தத் தளத்திலும் பூட்டு இருந்தது. ஆகவே பாடத்தைத் திருத்த வேண்டியது நமது கடமை.

1994 ஆகஸ்ட் 11இல், அமெரிக்காவின் நெட்மார்க்கெட் என்ற இணையக் கடையில் ஒருவர் ஸ்டிங் என்ற பாடகரின் இசைத்தட்டை 12.48 டொலருக்கு வாங்கினார். அட்டை விபரம் மறைகுறியாக்கப்பட்டுச் சென்ற முதல் இணைய வியாபாரங்களில் அதுவும் ஒன்று. வழியில் யாராவது அட்டை இலக்கத்தைத் திருடிவிடுவார்களோ என்பதுதான் அன்றைய பெரிய பயம். அதைத் தடுக்க நெட்ஸ்கேப் நிறுவனம் 1995இல் எஸ்எஸ்எல் முறையை வெளியிட்டது. பூட்டு அப்படிப்பட்ட பாதுகாப்பின் அடையாளமாக வந்தது.

அது ஒட்டிய தபால் உறை மாதிரி. வழியில் எவரும் பிரித்துப் படிக்க முடியாது. ஆனால் கடிதத்தை வாங்குபவர் நல்லவரா, கள்ளனா என்று உறை சொல்லாது.

முன்பு அதற்கான சான்றிதழைப் பெரும்பாலும் காசு கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. 2015 இறுதியில் லெட்ஸ் என்க்ரிப்ட் அதை எல்லோருக்கும் இலவசமாக்கியது. சிறிய தளங்களுக்கு அது பெரிய உதவி. கள்ளத் தளங்களும் அதே பூட்டை மாட்டிக்கொண்டன. 2019இல் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைப்பற்றி எச்சரித்தது. பூட்டின் சரியான பொருளை விளங்கியவர்கள் 11 வீதத்தினர் மட்டுமே என்று 2021இல் கூகுளின் ஆய்வு காட்டியது. 2023 செப்டெம்பரில் குரோம் உலாவி பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது?

முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு முன்னால், டொட் கொம், டொட் எல்கே போன்ற முடிவுக்கு ஒட்டினாற்போல் உள்ள பெயரே பெரும்பாலும் உண்மையான பெயர். அதற்கு இடப்பக்கம் எந்த வங்கியின் பெயரையும் எவரும் எழுதலாம். ‘ஹூஇஸ்’ தேடலில் பெயர் பதிந்த திகதியைப் பாருங்கள். பல வருடக் கடை என்பவரின் பெயர் போன மாதம் பதியப்பட்டிருந்தால் விலகுங்கள். தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துப் பேசுங்கள். தனியாள் கணக்குக்கு முன்கூட்டியே காசு போடச் சொன்னால் நில்லுங்கள். ஓடீபி இலக்கத்தை எவருக்கும் சொல்லாதீர்கள்.

கடைத்தெருவில் ஒரு சாரம் வாங்கவே நான்கு கடை ஏறி இறங்குகிறோம். அந்த நிதானம் கைபேசியிலும் வேண்டும். வீட்டிலுள்ள உம்மாமாருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.