ரென்னும் மார்ட்டினும் வீரமாமுனிவரும்

நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளை அதிகமாகப் பயமுறுத்திய ஆங்கில நாவலாசிரியர் யார் என்று கேட்டால், பி. சி. ரென் என்றுதான் சொல்வேன். பேய்க் கதை எழுதியதால் அல்ல. இலக்கணப் புத்தகம் எழுதியதால்!

1875-ல் பிறந்து 1941-ல் மறைந்த ரென், ஆக்ஸ்போர்டில் படித்தவர். பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றி 1924-ல் அவர் எழுதிய ‘போ ஜெஸ்ட்’ என்ற நாவல் உலகப் புகழ் பெற்றது. இன்று அதைப் படிப்பவர் சிலரே. ஆனால் 1930-களில் எச். மார்ட்டினுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட இலக்கண நூலைக் கேள்விப்படாத படித்த குடும்பம் உண்டோ?

ஆரப்பாளையத்தில் நான் கண்ட டியூஷன் திண்ணைகளிலும் அந்தப் புத்தகம்தான் ஆட்சி செலுத்தியது. மில் வேலை முடிந்து திரும்பும் தகப்பனார்கள், பையன் உரக்கப் படிப்பதைக் கேட்டுப் பூரித்துப் போவார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் போனால் குமாஸ்தா உத்தியோகமும் போயிற்று என்ற காலம் அது. பையனோ பெயர்ச்சொல்லின் வகைகளை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். லீவு லெட்டர் எழுதச் சொன்னால், ‘தி’ என்ற சொல்லை எங்கே போடுவது என்று திகைத்து நிற்பான்.

இந்தத் திகைப்பைப் போக்க முயற்சிகள் நடந்தன. 1959-ல் சென்னை ராஜ்யத்தில், ஆரம்ப வகுப்புகளுக்கு இங்கிலீஷ் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் புதுப் பயிற்சி தரும் திட்டம் தொடங்கிற்று. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சி அளிக்க, உருளும் பனிக்கட்டி போல அது பெருக வேண்டும் என்பது ஏற்பாடு. விதிகளை ஒப்பிப்பதை விட்டு வாக்கிய அமைப்புகளைப் பழக்குவதே அதன் நோக்கம். 1979-ல் என். எஸ். பிரபு இன்னும் ஒரு படி மேலே போனார். தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில், இலக்கணத்தையே தனியாகக் கற்பிக்காமல், ரயில் அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துக் கேள்விகளுக்கு விடை காணச் செய்தார்.

நல்ல முயற்சிகள்தாம். ஆனால் பையனின் நாவிலே ஏற்கெனவே குடியிருக்கும் தமிழைத் துணைக்கு அழைத்தால் என்ன?

‘புத்தகம் வாங்கினேன்’ என்கிறோம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றும் சொல்கிறோம். முதலாவது, ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவது, நீங்களும் நானும் அறிந்த அந்தப் புத்தகம். இங்கிலீஷ்காரன் சொல்லுக்கு முன்னே ‘தி’ போட்டுச் செய்வதை, நாம் சொல்லுக்குப் பின்னே ‘ஐ’ போட்டுச் செய்துவிடுகிறோம்! எல்லா இடத்திலும் இது செல்லாது. ‘ராமனைப் பார்த்தேன்’ என்பது போல ஆட்களைக் குறிக்கும்போது ‘ஐ’ வந்தே தீரும். என்றாலும், பூட்டிய கதவு சற்றே திறக்கிறதல்லவா?

‘வந்தான்’, ‘வந்திருக்கிறான்’ என்ற வேறுபாடும் அப்படித்தான். இங்கிலீஷின் ‘ஹாஸ் கம்’ நமக்கு அந்நியம் அல்ல. ஆனால் ‘நேற்று வந்திருக்கிறான்’ என்று நாம் சொல்லலாம். இங்கிலீஷில் ‘நேற்று’ வந்ததும் ‘ஹாஸ்’ வெளியேற வேண்டும். ஒற்றுமையைக் காட்டிய பிறகு வேற்றுமையைச் சொன்னால் பையனுக்கு மறக்காது.

இது புதிய உபாயம் அல்ல. மதுரை மிஷனைச் சேர்ந்த இத்தாலியரான வீரமாமுனிவர், நம் பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். 1738-ல் தரங்கம்பாடியில் அது அச்சாயிற்று. எந்த மொழியில் எழுதினார் தெரியுமா? தமிழ் கற்க வந்த பாதிரிமார்கள் அறிந்திருந்த லத்தீனில்! அறிந்ததிலிருந்து அறியாததற்கு அவர்களைக் கைபிடித்து அழைத்துச் சென்றார்.

ஐரோப்பியப் பாதிரிமாருக்குக் கிடைத்த அந்தச் சலுகை, ஆரப்பாளையத்து மில் தொழிலாளியின் மகனுக்குக் கிடைக்கவில்லை. அவன் மூளையில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. தன்னிடமே ஒரு சாவி இருப்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.