தலைமெட்டும் திவவும்

ஜொகூர் மாநிலத்தின் இசைமரபுகளுள் சிறப்பாக எண்ணத்தக்கவை இரண்டு. ஒன்று சாப்பின், மற்றொன்று கசல். இவற்றுள் கசல் இந்திய நாட்டிலிருந்து கடல்கடந்து வந்து, மலாய் மொழியின் பந்துன் பாக்களோடு கலந்து, மூவார், ஜொகூர் பாரு முதலிய இடங்களில் வேரூன்றியது. வடநாட்டுக் கசலில் சாரங்கி இருந்த இடத்தை இங்கு வயலின் பெற்றது. சித்தாரின் இடத்தில் காம்பூஸ் அமர்ந்தது. ஆர்மோனியமும் தபலாவும் மாறாமல் நின்றன. பின்னர்க் கிதாரும் இக்குழுவிற் சேர்ந்தது. கடல்வழி வந்த கலைகள் ஒன்றையொன்று தழுவி வளர்ந்தமைக்கு இஃது ஒரு நல்ல சான்றாகும்.

இத்தகைய குழுவில் பாடுவோர் மாறினால் சுருதியும் மாறவேண்டும். ஒருவர் ஒரு கட்டையில் பாடுவார். மற்றொருவருக்கு மூன்று கட்டை வேண்டும். ஆர்மோனியக்காரர் விரல்களை வேறு கட்டைகளுக்கு நகர்த்திக்கொள்வார். காம்பூசுக்கு மெட்டுக்கள் இல்லை. ஆதலின் அதனை இசைப்பவர் விரல் வேண்டிய இடத்திற்கு இடரின்றிச் செல்லும். கிதாரின் நிலை வேறு. அதன் இனிமையும் எளிமையும் பெரும்பாலும் விரல்படாத் திறந்த தந்திகளின் ஒலியைச் சார்ந்தவை. சுருதியை மாற்றினால் அத்தந்திகள் பயன்படாமற் போகும். பழகிய கைநிலைகளை விட்டுக் கடினமான கைநிலைகளைக் கற்கவேண்டும். அல்லது தந்திகள் அனைத்தையும் முறுக்கி ஏற்றவேண்டும். பின்னதனால் தந்தி அறுதலும் உண்டு. இவ்விடரைத் தீர்க்கவந்த சிறுகருவியே காப்போ எனப்படுவது. கழுத்தின் குறுக்கே ஒரு மெட்டின் பின்னால் இதனைப் பொருத்தினால் எல்லாத் தந்திகளும் ஒருசேரக் குறுகி, சுருதி உயர்ந்துவிடும்.

நம்மவர் யாழ்நூற் பயிற்சியுடையர். ஆகவே அவருள்ளத்தில் இயல்பாக ஒரு வினா எழும். பொருநராற்றுப்படை யாழின் உறுப்புக்களுள் ஒன்றாகத் திவவைக் கூறுகிறது. அது யாழின் கோட்டைச் சுற்றிய வார்க்கட்டு என்பர்; மகளிர் முன்கையில் அணியும் தொடிகளைப்போல் வரிசையாக விளங்கியது. தண்டின்மேற் கட்டிச் சுருதியை மாற்றும் கருவி பழந்தமிழரிடத்தில் இருந்ததெனின், காப்போவின் மூலம் நம்முடையதே என்று கொள்ளலாமன்றோ? இவ்வினா ஆராய்தற்குரியது. ஏனெனில், பொருந்தாத பெருமையை ஏற்றிக்கொண்டால் உண்மையான பெருமை மறைந்துபோகும்.

நீளமும் இழுப்பும்

தந்தியின் ஒலியை உயர்த்துதற்கு வழிகள் மூன்று. தந்தியை இறுக்கலாம்; அதன் நீளத்தைக் குறைக்கலாம்; மெல்லிய தந்தியை இடலாம். பேரியாழ் போன்ற யாழ்கள் வில்லின் வழிவந்தவை. கோட்டிலிருந்து பத்தருக்கு நரம்புகள் வெட்டவெளியில் ஓடும். அவற்றின்கீழ் மெட்டுக்கள் பதித்த பலகை கிடையாது. ஒரு நரம்பு ஒரு சுரத்தையே ஒலிக்கும். அதனாலேயே பேரியாழுக்கு இருபத்தொரு நரம்புகள் கூறப்பட்டன. திவவு ஒவ்வொரு நரம்பையும் தனித்தனியே வலித்தும் தளர்த்தியும் சுருதி சேர்க்க உதவியது. அஃதாவது, இழுப்பை மாற்றியது. காப்போவோ இழுப்பைத் தொடுவதில்லை, நீளத்தைக் குறைக்கிறது. அதுவும் எல்லாத் தந்திகளையும் ஒரே அளவில் குறைக்கிறது. ஆகவே திவவு வேறு, காப்போ வேறு.

சுருதியைப் பெயர்த்தல் பற்றித் தமிழர் அறிந்திருந்தது இதனினும் நுட்பமானது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழனுள் துத்தத்தைக் குரலாகக் கொண்டு தொடங்கினால், நரம்பு ஒன்றையும் தொடாமலே செம்பாலை படுமலைப்பாலை ஆகிவிடும். இக்காலத்து இராகப் பெயரிற் கூறினால், அரிகாம்போதி நடபைரவியாகிறது. விபுலாநந்த அடிகள் 1947-ஆம் ஆண்டில் வெளியான தம் யாழ்நூலில் இப்பாலைத் திரிபுகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். இம்முறையில் ஒலிகள் மாறுவதில்லை, பண் மாறுகிறது. காப்போவில் பண் மாறுவதில்லை. ஒலிகள் அனைத்தும் உயர்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை என்பது தெளிவு. யாழ் வல்லார் தேடியது புதிய பண். கிதார் இசைப்போர் தேடியது பாடுவோர் குரலுக்கு ஏற்ற இடம்.

கருவியின் வரலாறு

காப்போ என்பது காப்போதாஸ்தோ என்னும் இத்தாலியச் சொல்லின் குறுக்கம். காப்போ என்பது தலை. தாஸ்தோ என்பது மெட்டு. இத்தாலிய இசையறிஞர் ஜொவான்னி பத்திஸ்தா தோனி 1640-இல் இச்சொல்லை ஆண்டார். எனினும், அவர் குறித்தது வயோலா த கம்பா என்னும் கருவியின் கழுத்துத் தலைப்பில் தந்திகளைத் தாங்கும் நிலையான மேட்டையே. அம்மேட்டின் பெயர், அதன் வேலையை வேறிடத்திற் செய்யும் நகரும் கருவிக்குப் பின்னர் ஆகிவந்தது. ஸ்பானியர் இதனைச் செகில்யா என்பர்; சிறுபுருவம் என்பது அதன் பொருள். மரத்துண்டு ஒன்றை நாண்கொண்டு கழுத்தோடு பிணித்து, முளையைத் திருகி இறுக்கும் செகில்யாவை பிளமெங்கோ கலைஞர் பெரிதும் பயன்படுத்தினர். பாடுவோர் குரலுக்குக் கிதார் இணங்கவேண்டும் என்பதே அவர் மரபு.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் நீராற்றலால் இயங்கிய தொழிற்கூடத்தில் கிதார்களைப் பெருவாரியாகச் செய்த ஜேம்ஸ் ஆஷ்பார்ன் என்பவர், 1850-இல் காப்போ ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மலிவாகக் கிதார் செய்தவரே இதனையும் செய்தார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வீட்டில் ஒரே கிதாரை வைத்துக்கொண்டு பலர் பாடும் குடும்பங்களுக்கே இத்தகைய கருவி மிகுதியும் பயன்பட்டிருக்கும்.

உகுலேலேயின் கதை ஜொகூருக்கு இன்னும் அணுக்கமானது. மதேய்ரா தீவிலிருந்து போர்ச்சுகீசியர் சிலர் 1879-இல் ராவென்ஸ்கிராக் என்னும் கப்பலில் ஹொனலூலு அடைந்தனர். அவர் கொண்டுசென்ற மச்சேத்தே என்னும் நான்கு தந்திச் சிறுகிதாரிலிருந்தே உகுலேலே பிறந்தது. அதே போர்ச்சுகீசியர் 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றியதனாலன்றோ அந்நாட்டு அரசமரபினர் தெற்கே பெயர்ந்து ஜொகூர் அரசை நிறுவினர்! இத்தீவுக் கடல்களில் அவர் விட்டுச்சென்ற சிறுகிதார்களின் வழியிற் குரோஞ்சோங் இசையும் வளர்ந்தது. ஒரே கருவிக்குடும்பத்தின் இருகிளைகள் உலகைச் சுற்றிவந்து இன்று ஒரே கடையின் சுவரில் தொங்குகின்றன.

கட்டைக் கணக்கும் கருவித் தேர்வும்

தமிழர்க்கு இக்கருவியின் கணக்கு எளிது. கட்டை என்னும் வழக்கே ஆர்மோனியத்திலிருந்து வந்தது. ஆர்மோனியத்தில் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்கும், இரண்டிலிருந்து மூன்று கட்டைக்கும் இடையே கருங்கட்டை ஒன்று உண்டு; மூன்றுக்கும் நான்குக்கும் இடையே இல்லை. ஆகவே, ஒரு கட்டைக் கைநிலையில் பழகியவர் இரண்டு கட்டைக்கு இரண்டாம் மெட்டிலும், மூன்று கட்டைக்கு நான்காம் மெட்டிலும், நான்கு கட்டைக்கு ஐந்தாம் மெட்டிலும் காப்போவைப் பொருத்தவேண்டும். தந்தியின் நீளம் 65 சென்டிமீட்டராயின், நான்காம் மெட்டில் எஞ்சுவது ஏறத்தாழ 51.6 சென்டிமீட்டர். ஐந்து கட்டைக்கு ஏழாம் மெட்டுவரை சென்றால் எஞ்சுவது 43.4 சென்டிமீட்டரே, ஒலி மெலியும். அப்போது இரண்டு கட்டைக் கைநிலையைப் பிடித்து ஐந்தாம் மெட்டிற் கட்டுதல் நன்று. சுருதி அதே ஐந்து கட்டையாகும். பள்ளியில் ஆசிரியர் ஒருவர் தம் குரலுக்குப் பாடிக்காட்டிவிட்டு, மாணவியரின் குரலுக்கு அதே கிதாரை நொடியில் மாற்றிக்கொள்ள இவ்வளவு அறிவே போதும்.

விலை உயர்ந்ததே சிறந்தது என்று எண்ணுதல் பிழை. சில வெள்ளிக்குக் கிடைக்கும் நெகிழ்பட்டைக் காப்போவும் நன்கு பயன்படும். நாளடைவில் பட்டை தளரும் என்பதே அதன் குறை. வில்கம்பிக் கவ்வி ஒருகையால் விரைந்து மாற்ற உதவும். ஆனால் அதன் அழுத்தம் பெரும்பாலும் மாறாதது. மெல்லிய தந்திக்கு மிகுந்து சுருதியைச் சற்றே உயர்த்திவிடும். திருகுவகையில் அழுத்தத்தை வேண்டிய அளவிற்கு அமைக்கலாம். அதனால் சுருதி பிறழாது. விலையினும் முதலிற் பார்க்கவேண்டியது பொருத்தம். எஃகுத்தந்திக் கிதாரின் விரற்பலகை பெரும்பாலும் சற்றே வளைந்திருக்கும். நைலான் தந்திக் கிதாரின் பலகை அகன்று தட்டையாயிருக்கும். ஒன்றிற்குரியது மற்றதிற் சில தந்திகளை அழுத்தாமல் விடும். கிதாருக்குரிய பளுவான கவ்வி உகுலேலேயின் சிறுகழுத்தைச் சாய்த்துவிடும். அதற்குச் சிறியதே வேண்டும். கடையிலேயே பொருத்தி, மெட்டுக்கு மிக அருகில் வைத்து, ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே மீட்டிப் பார்த்தல் வேண்டும். கரகரப்பும் சுருதிப் பிறழ்வும் இல்லையாயின் அதுவே நல்ல கருவி.

காப்போவைச் சோம்பேறியின் துணையென்று இகழ்வாரும் உளர். அவ்விகழ்ச்சி பொருந்தாது. வேறு சுருதிக்கு வேறு கிதார் வாங்கும் செல்வம் எல்லார்க்கும் இல்லை. பாடுவோரின் குரலைக் கருவிக்கு வளைத்தலினும் கருவியைக் குரலுக்கு வளைத்தலே இசைக்கு அழகு. விசைப்பலகையையே நகர்த்திச் சுருதி மாற்றும் ஆர்மோனியங்களை இந்தியாவில் ஆக்கியவரும் இதனையே கருதினர்.

வீணையில் மெட்டுக்கு மெட்டு என்று பெயரிட்டு வழங்குபவர் நாம். ஆதலின் காப்போவைத் தலைமெட்டு என அழைத்தல் தகும். இத்தாலியச் சொல்லின் பொருளும் அதுவே. திவவு என்னும் பெயர் யாழுக்கே உரியதாய் நிற்கட்டும். பிறர் ஆக்கிய கருவியைப் பிறரதென்று ஏற்று நம் சொல்லால் அழைத்து நம் குரலுக்குப் பயன்படுத்துவதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆர்மோனியத்தையும் வயலினையும் தமிழிசை அவ்வாறே ஏற்றது. ஜொகூரின் கசலும் அவ்வாறே தழைத்தது.