வெடிச்சத்தம் போய் வந்த வழி

1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். மழையை நம்பிப் பிழைக்க முடியாத ஊர்; தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். அதே கல்கத்தாவின் போபஜார் தெருவில் நம் சி.வி. ராமன், வேறு தோல்முழவுகள் இரைச்சலிடும்போது மிருதங்கம் மட்டும் ஏன் சுருதியோடு பேசுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தோலில் அப்பும் ‘சாதம்’ என்ற கறுப்புப் பூச்சுதான் காரணம் என்று 1920இல் எழுதினார். இரு தரப்பும் சந்தித்ததாகத் தகவல் இல்லை. சந்தித்திருந்தால் எதைப் பேசியிருப்பார்களோ!

தீக்குச்சி மருந்திலிருந்து மத்தாப்புக்கும் வெடிக்கும் அதிக தூரமில்லை. 1940க்குப் பின் சிவகாசியில் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் எழுந்தன. காளி பூஜைக்குக் கல்கத்தாவிலேயே சரவெடி இறங்கியது.

அங்கேதான் அதை நிறுத்தினார்கள். 1990களின் பிற்பகுதியில் மேற்கு வங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த வரம்பு, ஐந்து மீட்டர் தள்ளி 90 டெசிபல். 1999இல் மத்திய அரசு மற்ற ஊர்களுக்கு அனுமதித்ததோ நாலு மீட்டரில் 125. வித்தியாசம் வெறும் 35தானே என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு பத்துக்கும் ஆற்றல் பத்து மடங்கு. 35 என்றால் மூவாயிரம் மடங்குக்கும் மேல். சென்னையில் தாராளமாக விற்ற அணுகுண்டு வெடி அங்கே குற்றப்பொருளாக இருந்தது. அப்படியும் நுங்கியிலும் சம்பாஹாட்டியிலும் உள்ளூர் ‘சாக்லேட் வெடி’ ஒளிந்து தயாரானது வேறு கதை.

பண்டிகைக்கு முன் வடகொல்கத்தாவின் டாலா பார்க்கில் போலீசாரும் வாரியத்தாரும் கூடுவார்கள். தரையில் ஒரு வெடி. அளந்த தூரத்தில் ஒலிமானி. திரி பற்றும், எண் துள்ளும், அதை எழுதிக்கொள்வார்கள். எண்ணைத் தாண்டிய வகை சந்தைக்கு வராது.

2023 அக்டோபரில் வங்கமும் 125க்கு இறங்கி வந்தது. இல்லை, ஏறிப் போனது.

நாலு மீட்டர் கருவிக்கான தூரம். ஊதுபத்தியை நீட்டும் பையன் நிற்பது ஒரு மீட்டரில். திறந்த வெளியில் தூரம் பாதியாகும்போதெல்லாம் 6 டெசிபல் கூடும். அவனிடத்தில் 137 ஆகிவிடுகிறது. அதற்கும் மேலே அவன் காதுக்குழல். இரண்டரை சென்டிமீட்டர் நீளக் குழாய், 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒலியை இன்னும் பத்து டெசிபல் வரை தூக்கிச் செவிப்பறையில் போடும். உட்காதின் மயிர்ச்செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பட்டாசுப் பெட்டியில் அச்சிடும் எண்ணில் இந்தக் குழல் கணக்கில் வரவேயில்லை.