எலுமிச்சை இல்லாத எலுமிச்சை உப்பு

வெங்காயம் உரிக்கும்போது தோலுக்கு அடியில் கரித்தூள் போல ஏதோ விரலில் ஒட்டும். கழுவிவிட்டு நறுக்கப் போய்விடுவோம். அது ஒரு கறும்பூஞ்சை. அதன் இனத்தில் முக்கியமானது அஸ்பெர்ஜில்லஸ் நைஜர். கலர் சோடாவின் புளிப்பும், பெட்டிக்கடை மிட்டாயின் புளிப்பும், பன்னீருக்குப் பால் திரிக்க மளிகைக் கடையில் வாங்கும் எலுமிச்சை உப்பும் இன்று அந்தப் பூஞ்சை போடும் பிச்சைதான்.

ஆரம்பத்தில் எலுமிச்சை உப்பு பெயருக்குத் துரோகமில்லாமல் பழத்திலிருந்துதான் வந்தது. 1784-இல் சுவீடனைச் சேர்ந்த மருந்தாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, எலுமிச்சைச் சாற்றில் சுண்ணாம்புத் தூளைப் போட்டார். நுரைத்துப் பொங்கி அடங்கியதும், சாற்றின் புளிப்பு சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளை வண்டலாக அடியில் தங்கியது. அதைக் கந்தக அமிலத்தில் கலந்தால் சுண்ணாம்பு பிரிந்து போகும். புளிப்பு மட்டும் தண்ணீரில் மிஞ்சும். அந்தத் தண்ணீரைச் சுண்ட வைத்தால் பளபளவென்று படிகம். அதுதான் சிட்ரிக் அமிலம்.

நூறாண்டுக்கு மேல் இதுவே வழி. பழம் கப்பலில் அழுகிவிடும், வண்டல் அழுகாது. அதனால் இத்தாலியில் சாறு பிழிந்து, வண்டலாக்கி, வெளிநாட்டு ஆலைகளுக்கு ஏற்றினார்கள். உலகச் சந்தையே ஏறக்குறைய இத்தாலியின் கையில் இருந்தது. முதல் உலகப்போர் வந்து சரக்கு வரத்தைக் குலைத்தது.

சர்க்கரைக் கரைசலில் வளரும் சில பூஞ்சைகள் இதே அமிலத்தைச் சுரப்பதை ஜெர்மானியரான கார்ல் வேமர் 1893-லேயே கண்டிருந்தார். ஆனால் அது தொழிலாகவில்லை. 1917-இல் அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் கர்ரி வழி கண்டார். கரைசலை முதலிலேயே நன்றாகப் புளிக்க வைத்துவிட்டார். மற்ற கிருமிகள் அண்ட முடியாத அந்தப் புளிப்பில் அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் மட்டும் செழித்தது. சர்க்கரையைத் தின்று மேலும் புளிப்பைக் கக்கியது. 1919-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஃபைசர் நிறுவனம் இதை ஆலைக்குக் கொண்டுவந்தது. ஆழமில்லாத தட்டுகளில் சர்க்கரைக் கரைசல். அதன்மேல் பாலாடை மாதிரிப் படர்ந்த பூஞ்சை. தட்டுகள் பிறகு பெருந்தொட்டிகளாயின. இன்று உலகம் ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் தயாரிக்கிறது. பாட்டில் லேபிளின் சேர்மானப் பட்டியலில் 330 என்ற எண்ணைப் பார்த்தால், அது இந்த அமிலம்தான்.

ஆக, நாம் நக்கும் புளிப்பு ஒரு காலத்தில் இனிப்பாக இருந்தது. பழத்தில் இருப்பதும் பூஞ்சை தருவதும் ஒரே அமிலம். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. மூக்குக்குத் தெரியும். எலுமிச்சையின் வாசம் தோலின் எண்ணெயில் இருக்கிறது. அது இந்தப் படிகத்தில் கிடையாது. பழத்துக்குப் பதில் உப்பைக் கரைத்து ஊற்றிக் கிளறிப் பாருங்கள்: எலுமிச்சை சாதம் புளிக்கும், மணக்காது.